ஜப்பானிய மொழி தமிழருக்கு எளிது என்பது பாதி உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டு மொழியையும் பண்பாட்டையும் படிக்க விரும்பும் மாணவர்களுக்காகத் தங்கள் கல்வி இணைப்பிதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதன் ஓரத்தில் கட்டம் கட்டிக் கொடுத்திருந்த அன்றாடச் சொற்களுள், நடுத்தர வயதுப் பெண்மணியை "ஒபாசன்" என்று அழைக்கலாம் என்றிருந்தது. அச்சொல் "ஒபசன்" என்று குறிலோடு இருந்திருக்க வேண்டும். நெடிலாக்கி "ஒபாசன்" என்றால் பாட்டி என்று பொருள். தங்கள் இதழை நம்பிச் செல்லும் ஒரு மாணவி, விடுதியின் நாற்பது வயதுப் பொறுப்பாளரை முதல் நாளிலேயே பாட்டி என்று அழைத்துவிடக்கூடும்.

அச்சுப் பிழை எவருக்கும் நேரும். அதற்காக மட்டும் இக்கடிதத்தை எழுதவில்லை. தமிழும் ஜப்பானியமும் ஒரே அமைப்புடைய மொழிகள் என்பதால் நம் மாணவர்களுக்கு அது மிக எளிதாக வந்துவிடும் என்று அக்கட்டுரை திரும்பத் திரும்பச் சொல்கிறது. 2014 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஓராண்டு கியோத்தோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவியாக இருந்து, இப்போது அம்மொழியைக் கற்பித்து வருபவள் என்ற முறையில், அது பாதி உண்மை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றப் பாதியை யாரும் சொல்லாததால், புறப்படுமுன் செய்திருக்க வேண்டிய ஆயத்தங்கள் எதையும் செய்யாமலே நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள்.

உண்மையான பாதி, கட்டுரையாளர் காட்டியதைவிட வளமானது. ஜப்பானியர் தம் அசையெழுத்துகளை அடுக்கும் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. பௌத்தத் துறவிகள் சித்தம் என்னும் எழுத்தின் வழியாக வடமொழியைப் பயின்றதன் பயனாக உருவான வரிசை அது. இன்று 'ஹ' நிற்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' ஒலித்தது என்பது மொழியியலார் கருத்து. அந்தப் 'ப'வை அதன் பழைய இடத்தில் வைத்து ஒருமுறை சொல்லிப் பார்த்தால், ஜப்பானிய அகராதியில் சொல் தேடுவது நமக்கு ஏன் முதல் வாரத்திலேயே கைவந்துவிடுகிறது என்பது விளங்கும். அதேபோல் பனியைக் குறிக்கும் "யுகி"யையும் துணிவைக் குறிக்கும் "யூகி"யையும் வேறுபடுத்திக் கேட்க மேலைநாட்டு மாணவர்கள் வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தபோது, குறிலும் நெடிலும் பால்வாடியிலிருந்தே காதில் விழுந்து வளர்ந்த எனக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. மாத்திரை என்ற கருத்தே அவர்களுக்குப் புதிது. நமக்கோ அது இலக்கணத்தின் முதற்பாடம். ஒரே ஒரு திருத்தம் தேவை. நம் இலக்கணத்தில் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. அவர்களிடம் இரட்டிக்கும் ஒற்றுக்கும் சொல்லிறுதி 'ன்'னுக்கும் முழு மாத்திரை உண்டு. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கும் இந்த மாத்திரைக் கணக்கே.

துணைவினைகள் இன்னும் வியப்பானவை. "செய்து பார்" என்று நாம் சொல்வதை அவர்கள் "ஷிதெ மிரு" என்கிறார்கள். மிரு என்றாலும் பார்த்தல்தான். "செய்து வை" என்பது "ஷிதெ ஒகு". ஒகு என்றாலும் வைத்தல்தான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புபவர் "இத்தெ கிமாஸ்" என்கிறார்; சொல்லுக்குச் சொல் அது "போய் வருகிறேன்". உள்ளே இருப்பவர் தரும் விடையும் "போய் வாருங்கள்" என்பதே. விடுதி வாசலில் முதன்முறை அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சுட்டுச் சொற்களும் அவ்வாறே. பேசுபவர் அருகில் இருப்பது "கொரெ", கேட்பவர் அருகில் இருப்பது "சொரெ", இருவருக்கும் தொலைவில் இருப்பது "அரெ", வினாவுக்கு "தொரெ". இதில் சொரெவுக்கும் அரெவுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பல நாள் குழப்பமாக இருந்தது. எங்கள் விடுதியில் இருந்த யாழ்ப்பாணத்துத் தோழிக்கோ ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் வீட்டில் இது, உது, அது, எது என்று நான்கையும் இன்னும் வழங்குகிறார்கள்; நாம் 'உது'வைத் தொலைத்துவிட்டோம்.

இந்த இடத்தில்தான் நம் கட்டுரையாளர்கள் மகிழ்ச்சி மிகுதியால் நிறுத்திவிடுகிறார்கள். கட்டுரையில் பேராசிரியர் சுசுமு ஓனோவின் பெயர் வந்தது நியாயமே. 1919இல் பிறந்து 2008இல் மறைந்த அவ்வறிஞர், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரின் துணையோடு தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உள்ள ஒப்புமைகளைப் பல்லாண்டு ஆராய்ந்தார், அவ்வுழைப்பை மதிக்கிறேன். ஆனால் இரு மொழிகளும் ஒரு தொடர்பில் வந்தவை என்ற அவருடைய முடிவை வரலாற்று மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் அதே பத்தியில் சொல்லியிருக்க வேண்டும். வினை இறுதியில் நிற்பதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வருவதும் கொரிய, மங்கோலிய, துருக்கிய மொழிகளிலும் உண்டு. "செய்து பார்" தன் மொழியிலும் அப்படியேதான் இருக்கிறது என்று என் கொரிய அறைத்தோழி சாதாரணமாகச் சொன்ன நாளில் என் பெருமிதம் சற்றுக் கீழே இறங்கியது. படிப்புக்கு அது நல்லதாகவே முடிந்தது.

இனி மற்றப் பாதி. நம் மாணவர்களை முதலில் இடறச் செய்வது தமிழெழுத்து. ஜப்பானியச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஒலியின் நீளத்தைக் காட்டத் தமிழெழுத்து மிகப் பொருத்தம் என்பதால் அது தவறென்றும் தோன்றுவதில்லை. ஆனால் "தம்பி"யில் வரும் தகரத்துக்கும் "பந்து"வில் வரும் தகரத்துக்கும் நாம் ஒரே எழுத்தைத்தான் எழுதுகிறோம். எது எங்கே ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்துத் தானாக அமைகிறது. ஜப்பானியத்தில் அவை இரண்டும் வேறு வேறு ஒலிகள், வேறு வேறு பொருள்கள். "தைகாகு" என்ற சொல்லைப் பந்தின் தகரத்தால் தொடங்கினால் பல்கலைக்கழகம்; தம்பியின் தகரத்தால் தொடங்கினால் படிப்பைப் பாதியில் விட்டு விலகுதல். வந்திறங்கிய வாரத்தில், முகவரியைப் பதிவு செய்ய வார்டு அலுவலகத்துக்குச் சென்றேன். தங்குமிடம் முடிவானதும் 14 நாள்களுக்குள் அதைச் செய்ய வேண்டும். என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று எழுத்தர் கேட்டார். "தைகாகுவுக்காக வந்திருக்கிறேன்" என்று தம்பியின் தகரத்தோடு உறுதியாக விடை சொன்னேன். படிப்பை விடுவதற்காகவே நாடு கடந்து வந்தவளை அவர் இரண்டு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, என் குடியிருப்பு அட்டையை வாங்கி அதில் மாணவி என்று இருப்பதைக் கண்டு அமைதியடைந்தார்.

சொல்லின் நடுவில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒசாகா என்று எழுதி, ககரம் இடையில் வருவதால் அதை மெலித்துப் படிக்கிறோம். மெலியாமல் இருக்கட்டுமென்று "ஒசாக்கா" என்று ஒற்று மிகுத்து எழுதினால், ஜப்பானியரின் காதில் அது இன்னொரு சொல்லாகிவிடும். ஏனெனில் ஒற்று இரட்டிப்பது அங்கே பொருளை மாற்றும். மேட்டுச் சரிவைக் குறிக்கும் சொல்லில் ஒரே ககரம். அதையே இரட்டித்தால் எழுத்தாளர். இக்கடிதத்தில் நான் எழுதியிருக்கும் ஜப்பானியச் சொற்கள் அனைத்துக்கும் இதே குறை உண்டு. ஆங்கில எழுத்தில் எழுதிப் படிப்பதும் தீர்வாகாது. அங்கே நெடில் தொலைந்துபோகும். அடிப்படை அசையெழுத்தான ஹிராகானாவின் 46 எழுத்துகளையும், பிறமொழிச் சொற்களுக்கான கதாகானாவின் 46 எழுத்துகளையும் புறப்படுவதற்கு முன்பே கைப்பழக்கமாக்கிக் கொள்வது ஒன்றே வழி. நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்துக்குள் முடிகிற காரியம் இது.

கன்ஜி என்னும் சீன எழுத்துகளின் கதை வேறு. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருக்கின்றன; அவற்றில் 1,026ஐ ஜப்பானியச் சிறுவர்கள் ஆறாண்டுத் தொடக்கப் பள்ளியில் கற்கிறார்கள். பிறப்பு, வாழ்வு, பச்சையாக இருத்தல் ஆகிய பொருள்களையெல்லாம் தரும் ஒரே எழுத்து, சேரும் இடத்துக்கேற்ப "செய்" என்றும் "ஷோ" என்றும் "நம" என்றும் வாசிக்கப்படுகிறது. அதற்குமேலும் வாசிப்புகள் உண்டு. தமிழ் இங்கே ஒரு துரும்பளவும் உதவாது. எங்கள் வகுப்பில் பேச்சில் தடுமாறிய சீன மாணவர்கள் அறிவிப்புப் பலகையை ஒரே பார்வையில் படித்துவிட்டு நகர்ந்தார்கள். சரளமாகப் பேசிய நான் அதன் முன்னால் அகராதியோடு நின்றேன்.

எழுத்தையாவது உழைத்துக் கற்றுவிடலாம். ஒப்புமை தெளிவாக இருக்கும் இடத்திலேயே ஒளிந்திருக்கும் வேற்றுமைதான் உண்மையில் ஆபத்தானது. ஒரு சான்று சொல்கிறேன். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்திருக்கிறார். நாம் இன்று "எனக்குக் கொடு" என்று தயங்காமல் சொல்லி அந்த வேற்றுமையை அழித்துவிட்டோம். ஜப்பானியத்தில் அதைப் போன்ற ஒரு வேற்றுமை உயிரோடு இருக்கிறது: பிறர் எனக்குத் தருவது "குரெரு", நான் பிறருக்குக் கொடுப்பது "அகெரு". "எழுதித் தந்தார்" என்பதுபோல இவ்விரண்டும் துணைவினையாகவும் வரும். இதைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில், ஒரு நாள் கனத்த பையோடு படியேறிய வயது முதிர்ந்த பேராசிரியரிடம், "தூக்கித் தருகிறேன் ஐயா" என்பதற்கு நேரான தொடரை அமைத்து, வணக்கத்தோடு சொன்னேன். அவர் புன்னகைத்துப் பையைக் கொடுத்தார். உடன் வந்த மூத்த மாணவி பிறகு என்னைத் தனியே அழைத்து, அந்தத் துணைவினை "உனக்காக நான் இந்த உபகாரத்தைச் செய்கிறேன்" என்ற தொனியைத் தரும், பெரியவர்களிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது என்றார். இலக்கணம் சரி, சொல் சரி, வாக்கியமோ அவமரியாதை. இப்பிழையை எந்தத் தேர்வும் எனக்குச் சுட்டியிருக்காது; மாடிப்படியில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

மரியாதைச் சொற்களிலும் இவ்வாறே. நமக்கு அப்பா எங்கும் அப்பாதான். அயலாரிடம் பேசினாலும் "அப்பா சொன்னார்கள்" என்றே சொல்வோம். ஜப்பானியத்தில், வெளியாரிடம் பேசும்போது தன் தந்தையும் "தன் பக்கத்தவர்". அவரைத் தாழ்த்தியே சொல்ல வேண்டும். துறை அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த உதவியாளர், பேராசிரியரின் குடும்பப் பெயரை ஓர் அடைமொழியும் இல்லாமல் வெறுமனே சொல்லி, அவர் இருக்கையில் இல்லை என்று வெளியாரிடம் தெரிவித்தபோது நான் திடுக்கிட்டேன். தொலைபேசியை வைத்த கையோடு, அறைக்குள் நுழைந்த அதே பேராசிரியரை எழுந்து நின்று உயர்சொல்லால் வரவேற்றார். யார் உயர்ந்தவர் என்பதோடு, இந்தப் பேச்சில் யார் யார் பக்கம் என்பதையும் மொழி கணக்கெடுக்கிறது. இதில் தடுமாறியவள் நான் மட்டுமல்ல. தந்தையை எங்கும் உயர்த்தியே சொல்லிப் பழகிய என் கொரியத் தோழியும் அதே குழியில் விழுந்தாள்.

பண்பாட்டுப் படிப்பு என்று தனியே ஒன்று உண்டா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. பாடத்திட்டத்தில் தேநீர்ச் சடங்கு ஒரு பிற்பகல், கிமோனோ அணிந்து புகைப்படம் ஒரு பிற்பகல் என்று இருக்கும். மறுப்பதற்கில்லை, இனிய பிற்பகல்கள்தாம். ஆனால் கியோத்தோவில் எரியும் குப்பைக்கு உரிய மஞ்சள் பையைத் தவறான நாளில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு முதியவர் அதைத் திரும்ப என் வாசலில் கொண்டுவந்து வைத்த காலையில் நான் கற்றது அதிகம். மரக்கறி உண்பவர்கள் இன்னொன்றை அறிந்து செல்ல வேண்டும். காய்கறி மட்டும் மிதக்கும் தெளிந்த சாற்றிலும், பெரும்பாலும் உலர்த்திப் புகையூட்டிய சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்கிய சாறே அடித்தளமாக இருக்கும். நம் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய உறவு. மீன் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பரிமாறுபவருக்கு அது நினைவுக்கே வராது. இவற்றைச் சொல்லிக் கேட்கும் திறமும் மொழிப்பாடத்தின் பகுதியே.

உறவைத் தேடுபவர்களுக்கு ஒரு செய்தி. எங்கள் பாடத்திட்டத்தின் இறுதியில் ஒவ்வொருவரும் ஜப்பானிய மொழியில் ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டும். நான் "சந்தோமெஜிமா" என்னும் கோடு போட்ட பருத்தித் துணியைப் பற்றி எழுதினேன். எதோ (Edo) காலம் எனப்படும் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில் ஜப்பானியர் விரும்பி அணிந்த அத்துணிக்குப் பெயர் வந்தது, போர்த்துகீசியர் மயிலாப்பூர்க் கடற்கரையில் தம் குடியிருப்புக்கு இட்ட சாந்தோம் என்ற பெயரிலிருந்து. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி, ஊரின் பெயரையும் சுமந்துகொண்டு போயிருக்கிறது. தொல்பழங்காலத்து உறவை நிறுவ முடியாமல் தவிக்கும் நாம், ஜப்பானிய அகராதியிலேயே பதிவாகியிருக்கும் இந்த உறவை ஏன் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. 1960களில் சென்னையில் தங்கிப் படித்து, சோழர் கல்வெட்டுகளைத் தமிழிலேயே வாசித்து வரலாறு எழுதிய பேராசிரியர் நொபொரு கராஷிமாவிடம், தமிழ் உங்களுக்கு எளிதாக வந்துவிடும் என்று யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. கட்டுரை எல்லா வழிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால், மாணவர் தம் கல்லூரிக்கே கட்டணம் செலுத்துவார். ஜப்பானில் கல்விக் கட்டணம் இராது. தேர்வு பெறுவோருக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகையும் கிடைக்கக்கூடும். ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் பட்டப்படிப்பில் பயில்வோருக்கு ஜப்பானிய அரசின் ஓராண்டு உதவித்தொகைத் திட்டம் தனியே இருக்கிறது. அதன் மாதத் தொகை 117,000 யென். இவ்விரண்டுக்கும் வழியில்லாதவர்கள் செல்வது தனியார் மொழிப் பள்ளிகளுக்கு. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 7, 8 லட்சம் யென் கட்டணம். பகுதிநேர வேலை செய்தே அதைக் கட்டிவிடலாம் என்று முகவர்கள் சொல்வதைத்தான் கட்டுரையும் சொல்கிறது. மாணவர் விசாவில் உள்ளவர் தனி அனுமதி பெற்று, எல்லா வேலைகளையும் சேர்த்து வாரத்துக்கு 28 மணி நேரம் மட்டுமே உழைக்கலாம். நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம். டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2024 அக்டோபரில் மணிக்கு 1,163 யென்னாக உயர்ந்தது; அந்தக் கணக்கில் நான்கு வாரத்துக்கு முழுதாக உழைத்தாலும் 130,000 யென்தான் வரும். அதற்குள் வாடகை, உணவு, காப்பீடு, கட்டணம் அனைத்தும் அடங்க வேண்டும். அதுவும் பேசத் தெரியாத முதல் சில மாதங்களில் வேலையே கிடைப்பது அரிது. எல்லையை மீறி உழைத்தால் விசா நீட்டிப்பு ஆபத்துக்குள்ளாகும். 2033க்குள் 4 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் என்ற இலக்கை ஜப்பான் 2023இல் அறிவித்தது முதல் இத்தகைய முகவர்கள் பெருகுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே இக்கணக்கைத் தங்கள் இதழ் அச்சிட வேண்டும்.

முகவர்கள் காட்டும் மற்றொரு கவர்ச்சி, ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் சான்றிதழ். 1984இல் தொடங்கி, 2010 முதல் ஐந்து நிலைகளாக நடக்கும் அத்தேர்வு நல்ல தேர்வுதான். ஆனால் அதில் பேச்சுக்கும் இடமில்லை, கையால் எழுதுவதற்கும் இடமில்லை. கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், அவ்வளவே. மூன்றாம் நிலைச் சான்றிதழோடு வரும் மாணவர் "தைகாகு"வைச் சரியாகச் சொல்வாரா என்பது அந்தச் சான்றிதழுக்குத் தெரியாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஜப்பானியச் சொற்களை அச்சிடும்போது பக்கத்தில் ஹிராகானாவையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடமில்லையென்றாலும், "ஒபாசன்" பற்றிய திருத்தத்தை மட்டுமாவது விரைவில் வெளியிடுங்கள். இந்த அக்டோபரில் புறப்படும் என் மாணவிகள் இருவர் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருந்தார்கள்; அவர்களுடையதைப் பேனாவால் நானே திருத்திவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி